காய்ச்சலில் படுத்தவருக்கு வைட்டமின் டி கொடுத்தால் பயன் உண்டா?

நான்கு நாள் காய்ச்சலுக்குப் பின் மூச்சு வாங்கத் தொடங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒருவரின் இரத்தப் பரிசோதனைத் தாளில், வைட்டமின் டி என்ற வரிக்கு எதிரே 14 என்ற எண் இருக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் 14 நானோகிராம் என்பது அதன் பொருள். அதே வரியில், 30 முதல் 100 வரை இயல்பு என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. 14க்குப் பக்கத்தில் 'குறைவு' என்ற குறிப்பு தடித்த எழுத்தில் தெரிகிறது. தாளைக் கையில் வாங்கிய மகளுக்கோ மகனுக்கோ உடனே எழும் எண்ணம் ஒன்றுதான்: இந்தச் சத்து குறைந்துபோனதால்தான் வைரஸ் அப்பாவை இப்படிப் படுக்கையில் தள்ளிவிட்டது, குறைந்ததை நிரப்பிவிட்டால் எழுந்துவிடுவார். அந்த எண்ணத்தில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. நோயாளிக்காகத் தவிக்கும் யாருக்கும், திருத்தக்கூடிய ஒரு குறை கண்ணில் பட்டால் அதைத் திருத்தத்தான் தோன்றும்.

ஆனால் அந்த ஓர் எண்ணத்துக்குள் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. குறைபாடுதான் நோயை முற்றச் செய்தது என்பது ஒன்று. நோய் முற்றிய பிறகும் குறைபாட்டை நிரப்பினால் நோய் தணியும் என்பது மற்றொன்று. முதல் கூற்று ஓரளவு உண்மையாக இருந்தாலும் இரண்டாவது பொய்த்துப் போகலாம். தொற்று வருவதற்கு முன்பே, குறைபாடு உள்ள ஒருவருக்குச் சிறிய அளவில் நாள்தோறும் வைட்டமின் டி கொடுத்துவருவது ஒரு சிகிச்சை. தொற்று வந்து நுரையீரல் வரை இறங்கிய பிறகு பேரளவில் ஒரே வேளையில் கொடுப்பது வேறொரு சிகிச்சை. மருந்தின் பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கருதி, ஒன்றின் சான்றை மற்றொன்றுக்குக் காட்டியதுதான் இந்த விவாதத்தில் நேர்ந்த குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இதைப் புரிந்துகொள்ள, இந்தச் சத்து உடலுக்குள் எவ்வளவு நிதானமாக நகர்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளின் மீது சூரிய ஒளியின் புற ஊதா பி கதிர் படும்போது வைட்டமின் டி3 உருவாகிறது. மாத்திரையாகவோ எண்ணெயாகவோ விழுங்குவதும் பெரும்பாலும் இதே டி3தான். இந்த நிலையில் அது எந்த வேலையும் செய்யாது. கல்லீரலுக்குப் போய் அங்கே ஒரு மாற்றம் பெற்று, கால்சிஃபெடையால் என்ற பொருளாகி இரத்தத்தில் சுற்றுகிறது. பரிசோதனைத் தாளில் நாம் பார்க்கும் எண் இதன் அளவுதான். சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் பெற்ற பிறகே, கால்சிட்ரையால் என்ற செயல்படும் ஹார்மோனாகிறது. கால்சிட்ரையால் சில மணி நேரங்களில் தீர்ந்துவிடும். கால்சிஃபெடையாலின் அளவு பாதியாகக் குறைவதற்கோ இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதனால்தான் நாள்தோறும் 1,000 யூனிட் எடுத்துக்கொள்ளும் ஒருவரின் இரத்த அளவு ஏறி ஒரு நிலையில் நிற்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் பிடிக்கின்றன. ஒரு மைக்ரோகிராம் என்பது 40 யூனிட். ஆகவே 1,000 யூனிட் என்பது வெறும் 25 மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய அளவில், இவ்வளவு மெதுவாக வேலை செய்யும் ஒன்றை, ஒரு வாரத்தில் உச்சம் தொட்டு இறங்கும் வைரஸ் தொற்றுக்கு எதிரே நிறுத்துகிறோம் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

சுவாச நோய்க்கும் இந்தச் சத்துக்கும் தொடர்பு உண்டு என்ற நம்பிக்கை, வைட்டமின் டி என்ற பெயர் பிறப்பதற்கும் முந்தையது. 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் காசநோயாளிகளுக்கு மீனெண்ணெய் கொடுத்தார்கள். வெயிலில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தார்கள். 1919இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்கு, எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் நோயை வரவழைத்து, மீனெண்ணெயால் அதைத் தடுத்துக் காட்டினார். அந்த எண்ணெயில் எலும்பைக் காக்கும் பொருள் வைட்டமின் ஏ அன்று, வேறொன்று என்று கண்டறிந்த அமெரிக்க உயிர்வேதியியலாளர் எல்மர் மெக்காலம், 1922இல் அதற்கு டி என்ற எழுத்தைக் கொடுத்தார். எலும்பு வளைந்த குழந்தைகள் அடிக்கடி நிமோனியாவில் விழுவதை மருத்துவர்கள் அதற்கு முன்பே கவனித்திருந்தார்கள். 1997இல் எத்தியோப்பியாவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு அதை எண்ணிக்கையில் காட்டியது: நிமோனியாவுடன் வந்த 500 குழந்தைகளில் 210 பேருக்கு ரிக்கெட்ஸ் இருந்தது, நிமோனியா இல்லாத 500 குழந்தைகளில் 20 பேருக்கு மட்டுமே இருந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ரிக்கெட்ஸ் வந்த குழந்தையின் விலா எலும்புகள் மென்மையாகி, மூச்சை இழுக்கும்போது மார்புக்கூடு உள்வாங்கும். சளியை இருமி வெளியேற்றும் வலுவும் குறையும். ஆகவே நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றிப் பேசாமலேயே அந்த நிமோனியாக்களில் ஒரு பகுதியை எலும்பின் வழியாகவே விளக்கிவிடலாம்.

நோய் எதிர்ப்பாற்றல் என்ற வாதத்துக்கு உண்மையான அடித்தளம் 2006இல் கிடைத்தது. கிருமியை விழுங்கும் பெருவிழுங்கு அணுக்கள், தமக்கு எதிரே காசநோய் பாக்டீரியா இருப்பதை உணர்ந்ததும் இரண்டு காரியங்களைச் செய்வதாக அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். வைட்டமின் டியைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியை அவை கூடுதலாக உருவாக்குகின்றன. சிறுநீரகத்தில் மட்டுமே நடப்பதாக நாம் பாடத்தில் படித்த அந்தக் கடைசி மாற்றத்தைத் தங்களுக்குள்ளேயே நடத்திக்கொள்கின்றன. அப்படி அணுவுக்குள்ளேயே உருவான கால்சிட்ரையால், கேத்தலிசிடின் என்ற சிறிய புரதத்தைச் சுரக்கவைக்கிறது. கிருமியின் மேலுறையைக் குலைக்கும் புரதம் அது. ஆய்வகத்தில் இன்ஃபுளுயன்சா வைரஸையும் குழந்தைகளைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸையும்கூட அது தடுக்கக்கூடியது. இந்த வேலைக்கான மூலப்பொருளை அணு தன்னைச் சூழ்ந்த இரத்தத்திலிருந்தே எடுக்கிறது. இரத்தத்தில் கால்சிஃபெடையால் வற்றியிருந்தால் கேத்தலிசிடினும் குறைவாகவே சுரக்கும். பரிசோதனைத் தாளின் 14க்கு ஒரு பொருள் இங்கே கிடைக்கிறது.

இதே கால்சிட்ரையாலுக்கு மற்றொரு குணமும் உண்டு. அழற்சியை வளர்க்கும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களை அது மட்டுப்படுத்துகிறது. கடுமையான இன்ஃபுளுயன்சாவிலும் கோவிட்டிலும் நுரையீரலைக் கெடுப்பதில் வைரஸுக்கு இணையாக, சில வேளைகளில் அதைவிட மிகுதியாக, உடலின் அழற்சிக்கே பங்கு உண்டு என்பதால், கிருமியையும் அடக்கி அழற்சியையும் தணிக்கும் ஒரு பொருள் கைக்கு எட்டும் தொலைவில் மலிவாக இருக்கிறது என்ற செய்தி 2020இல் எவ்வளவு நம்பிக்கை ஊட்டியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆய்வுகளைத் தூண்டியதே அதுதான். ஆய்வகக் குடுவையில் நடப்பது நோயாளியின் உடலிலும் அதே அளவில் நடக்கிறதா என்பதே மிச்சமிருந்த கேள்வி.

அந்த ஆண்டிலேயே, கோவிட்டால் மிகவும் பாதிக்கப்பட்டவர்களின் இரத்தத்தில் வைட்டமின் டி குறைந்திருப்பதாக நாட்டுக்கு நாடு ஆய்வுகள் வரத் தொடங்கின. எண்கள் பொய்யில்லை. ஆனால் வைட்டமின் டி யாருக்குக் குறையும் என்று பார்த்தால், முதியோர், உடற்பருமன் உள்ளோர், நீரிழிவு உள்ளோர், சிறுநீரக நோயாளிகள், வீட்டைவிட்டு வெளியே வர இயலாதோர் என்ற பட்டியல் வரும். கோவிட் யாரைக் கடுமையாகத் தாக்கும் என்று கேட்டாலும் ஏறக்குறைய அதே பட்டியல்தான் வரும். வைட்டமின் டி இங்கே குற்றவாளியாகவும் இருக்கலாம், குற்றம் நடந்த இடத்தில் நின்றிருந்த சாட்சியாகவும் இருக்கலாம்.

இதைவிட முக்கியமான ஒரு விஷயம் பொதுவெளியில் அதிகம் பேசப்படவில்லை. நோயே அந்த எண்ணை இறக்கிவிடும். இரத்தத்தில் வைட்டமின் டியைச் சுமந்து செல்லும் புரதம் ஒன்று உண்டு. உடலில் அழற்சி மூளும்போது அந்தப் புரதத்தின் அளவு குறைகிறது, அதனோடு சேர்ந்து அளக்கப்படும் வைட்டமின் டியும் குறைகிறது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை அளந்த ஓர் ஆய்வில், அறுவைக்கு முன்பிருந்த அளவு இரண்டொரு நாளுக்குள் சுமார் 40 சதவீதம் சரிந்திருந்தது. அவர்களுக்கு அந்த இரண்டு நாளில் வெயிலும் உணவும் குறைந்ததால் வந்த சரிவு என்று இதைச் சொல்லவே முடியாது; இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கு வாரக்கணக்கில் பிடிக்கும் பொருள் இது. அப்படியானால் நம் நோயாளியின் 14, காய்ச்சல் வருவதற்கு முன் 20க்கு மேல்கூட இருந்திருக்கக்கூடும். கடும் காய்ச்சலின் நடுவே எடுக்கப்பட்ட எண்ணை வைத்து, இதனால்தான் நோய் வந்தது என்று சொல்வது, வெள்ளம் வடிந்த வயலைப் பார்த்துவிட்டு, வயல் சேறாக இருந்ததால்தான் வெள்ளம் வந்தது என்று சொல்வது போலாகும்.

காரணத்தையும் விளைவையும் பிரித்தறிய வழி ஒன்றுதான். குலுக்கல் முறையில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு அதே தோற்றமுள்ள போலி மாத்திரையும் கொடுத்து, யார் எதை விழுங்குகிறார் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தடுப்பு பற்றிய கேள்விக்கு இத்தகைய ஆய்வுகள் கோவிட்டுக்கு முன்பே நிறைய நடந்திருக்கின்றன. ஜப்பானில் பள்ளிக் குழந்தைகளுக்கு நாள்தோறும் 1,200 யூனிட் கொடுத்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், இன்ஃபுளுயன்சா ஏ வந்தவர்கள் 10.8 சதவீதம், போலி மாத்திரை பெற்றவர்களில் 18.6 சதவீதம். செய்தியாகப் பரவியது இதுதான். அதே ஆய்வில் இன்ஃபுளுயன்சா பி அவ்வாறு குறையவில்லை என்பது பரவவில்லை. 2012இல் நியூசிலாந்தில் 322 பெரியவர்களுக்கு மாதம் ஒருமுறை பேரளவில் ஒன்றரை ஆண்டு கொடுத்துப் பார்த்ததில், சளி இருமல் வந்த தடவைகள் இரு பிரிவிலும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. அதே ஆண்டு மங்கோலியாவில், குளிர்காலத்தில் இரத்த அளவு 7 நானோகிராம் என்ற மிகத் தாழ்ந்த நிலையில் இருந்த பள்ளிக் குழந்தைகளுக்கு, பாலில் 300 யூனிட் சேர்த்துக் கொடுத்தபோது சுவாசத் தொற்றுகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன.

இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே ஒரு போக்கு தெரிகிறது. கிணறு வற்றிக் கிடந்த இடத்தில் சிறிது நீரும் பயன்பட்டது. ஓரளவு நீர் இருந்த கிணற்றில் குடம் குடமாக ஊற்றியும் மாற்றம் இல்லை. 2017இல், 14 நாடுகளில் நடந்த 25 ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் 11,000 பேரின் தனித்தனித் தரவுகளைத் திரட்டி வெளிவந்த ஒரு பகுப்பாய்வும் இதையே சொன்னது. நாள்தோறும் அல்லது வாரந்தோறும் சிறிய அளவில் பெற்றவர்களுக்குப் பலன் இருந்தது. 10 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பலன் மிகுதி. மாதக்கணக்கில் ஒருமுறை பேரளவாகப் பெற்றவர்களுக்குப் பலன் இல்லை. அந்த ஆய்வு பலருக்கும் ஊக்கம் கொடுத்தது, எனக்கும்தான். ஆனால் 2021இல் அதே குழுவினர் புதிய ஆய்வுகளையும் சேர்த்து 48,488 பேரின் கணக்கைப் பார்த்தபோது, ஒரு முறையேனும் சுவாசத் தொற்று வந்தவர்கள் வைட்டமின் டி பிரிவில் 61.3 சதவீதமும் போலி மாத்திரைப் பிரிவில் 62.3 சதவீதமுமாக இருந்தார்கள். நூறு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு ஒரு சளிக்காய்ச்சல் தவிர்க்கப்படும் என்ற கணக்கு இது. 2025இல் மீண்டும் புதுப்பிக்கப்பட்டபோது, அந்தச் சிறு வேறுபாடும் தற்செயலானதன்று என்று புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்கிடையில் மங்கோலியாவிலேயே 8,851 குழந்தைகளுக்கு மூன்றாண்டுகள் வாரம் 14,000 யூனிட் கொடுத்த பெரிய ஆய்வில், காசநோய்த் தொற்று குறையவில்லை. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் குறைபாடு உள்ளவர்கள் என்பதால், குறைபாட்டை நிரப்பினால் எல்லாத் தொற்றும் குறையும் என்ற பொதுவிதிக்கு அது பெரிய அடி.

பேரளவாகக் கொடுப்பது ஏன் பலன் தருவதில்லை என்பதற்கு ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. திடீரென்று லட்சக்கணக்கான யூனிட் உள்ளே வரும்போது, கால்சியம் ஏறிவிடாமல் காத்துக்கொள்ள உடல் எச்சரிக்கையாகி, வைட்டமின் டியைச் சிதைக்கும் நொதியின் உற்பத்தியைக் கூட்டுகிறது. அந்த நொதி வாரக்கணக்கில் உயர்ந்தே நிற்கும். இரத்த அளவு தாளில் உயர்ந்து தெரிந்தாலும், பெருவிழுங்கு அணுவுக்குள் நடக்க வேண்டிய வேலைக்கு அது முழுமையாகக் கிடைப்பதில்லை. வெயிலில் நடமாடும் உடலுக்கு இந்தச் சத்து நாள்தோறும் சிறிது சிறிதாகவே வந்து பழக்கம்.

கோவிட் காலத்தில் தடுப்புக்காக நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2022இல் ஒரே நேரத்தில் வெளிவந்தன. பிரிட்டனில் 6,200 பெரியவர்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு இரத்தப் பரிசோதனை செய்து, அளவு குறைந்தவர்களுக்கு நாள்தோறும் 800 அல்லது 3,200 யூனிட் ஆறு மாதம் கொடுத்தார்கள். சுவாசத் தொற்றும் கோவிட்டும் குறையவில்லை. நார்வேயில் 34,601 பேர் ஆறு மாதம் வரை நாள்தோறும் 5 மில்லி மீனெண்ணெயோ போலி எண்ணெயோ குடித்தார்கள். அங்கும் வேறுபாடு இல்லை. ஆனால் நார்வே ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு வைட்டமின் டி அளவு முதலிலேயே போதுமானதாக இருந்தது என்பதையும், பிரிட்டன் ஆய்வு நடந்துகொண்டிருந்த மாதங்களில் தடுப்பூசி பரவலாகப் போடப்பட்டுவந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இனி, நோயாளிக்குக் கொடுப்பது என்ற இரண்டாவது கேள்வி. இதில் உலகின் கவனத்தை ஈர்த்த முதல் ஆய்வு, ஸ்பெயினின் கொர்தோபா நகரில் 2020இல் 76 நோயாளிகளை வைத்து நடந்தது. கல்லீரல் செய்ய வேண்டிய மாற்றத்தை முன்பே பெற்றுவிட்ட கால்சிஃபெடையாலை அவர்கள் பயன்படுத்தினார்கள்; டி3ஐப் போல் காத்திருக்க வைக்காமல் இது இரத்த அளவை விரைவில் உயர்த்தும். மருந்து பெற்ற 50 பேரில் ஒருவர் மட்டுமே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். பெறாத 26 பேரில் 13 பேர் போனார்கள். இவ்வளவு பெரிய வேறுபாட்டைப் பார்க்கும் எவருக்கும் மெய்சிலிர்க்கும். ஆனால் அந்த ஆய்வின் அட்டவணையைக் கீழிறங்கிப் படித்தால், மருந்து பெறாத பிரிவில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்ததும், மருந்து பெற்ற பிரிவில் அது நான்கில் ஒரு பங்கினருக்கு மட்டுமே இருந்ததும் தெரியும். நீரிழிவிலும் அப்படியே ஏற்றத்தாழ்வு. போலி மருந்தும் கொடுக்கப்படவில்லை. ஒரு கையளவு நோயாளிகளைக் குலுக்கிப் பிரிக்கும்போது இப்படி நேர்வது இயல்பு. அதனால்தான் இத்தகைய ஆய்வை முன்னோட்டம் என்கிறோம். அடுத்த ஆண்டு பார்சிலோனாவிலிருந்து இதே மருந்துக்குப் பெரிய பலனைக் காட்டிய ஓர் ஆய்வுக் கட்டுரை, மதிப்பாய்வுக்கு முன்பே வலைத்தளத்தில் வெளியாகி, நோயாளிகள் தனித்தனியாகக் குலுக்கப்படவில்லை, வார்டு வார்டாகவே பிரிக்கப்பட்டார்கள் என்ற கேள்வி எழுந்ததும் விலக்கப்பட்டது.

அதே 2021இல் பிரேசிலிலிருந்து வந்தது முறையாக நடத்தப்பட்ட ஆய்வு. மருத்துவமனையில் சேர்ந்த 240 பேர். 2 லட்சம் யூனிட் டி3 ஒரே வேளையில், அல்லது போலி மருந்து. மருந்து பெற்றவர்களின் இரத்த அளவு சராசரியாக 44 நானோகிராமுக்கு உயர்ந்தது. மற்றவர்களுக்கு 20க்கு அருகிலேயே நின்றது. அதாவது தாளில் உள்ள எண்ணைத் திருத்துவதில் மருந்து முழு வெற்றி பெற்றது. மருத்துவமனையில் தங்கிய நாள்களின் இடைநிலை அளவு இரு பிரிவிலும் 7. இறப்பிலும், தீவிர சிகிச்சைத் தேவையிலும், செயற்கைச் சுவாசத்திலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கவலைப்படும் குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த ஆய்வைப் பற்றித்தான்: எண் சரியானது, ஆள் முன்னதாகத் தேறவில்லை.

வைட்டமின் டியின் பலனில் நம்பிக்கை கொண்டவர்கள் இதற்கு ஒரு நியாயமான மறுப்பைச் சொல்கிறார்கள். பிரேசில் நோயாளிகள் மருந்து பெற்றபோது அறிகுறி தொடங்கிச் சராசரியாக 10 நாள்கள் ஆகியிருந்தன. அதற்குள் வைரஸின் ஆட்டம் முடிந்து அழற்சியின் ஆட்டம் தொடங்கியிருக்கும். தாமதமாகக் கொடுத்த மருந்தைக் குறைசொல்லக் கூடாது என்கிறார்கள். தாமதம் என்பது உண்மை. ஆனால் நடைமுறையில் நோயாளி மருத்துவமனைக்கு வருவதே அந்தக் கட்டத்தில்தான். அழற்சிக் கட்டத்திலும் சரியான மருந்து உயிரைக் காக்கும் என்பதை டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு காட்டிவிட்டது. 2020ஆம் ஆண்டின் ரெக்கவரி ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடையே 28 நாள் இறப்பை அது 41 சதவீதத்திலிருந்து 29 சதவீதத்துக்குக் குறைத்தது. அழற்சியைத் தணிப்பதாகச் சொல்லப்படும் வைட்டமின் டி உண்மையிலேயே அந்தக் கட்டத்தில் வலுவாகச் செயல்பட்டிருந்தால், அதன் நிழலாவது இந்த ஆய்வுகளில் தெரிந்திருக்க வேண்டும்.

பிரான்சில் ஒரு நிழல் தெரிந்தது. 65 வயதைக் கடந்த 254 கோவிட் நோயாளிகளில் ஒரு பாதிக்கு 4 லட்சம் யூனிட்டும் மறுபாதிக்கு 50,000 யூனிட்டும் கொடுத்தபோது, 14 நாளுக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 8 பேர், இரண்டாவதில் 14 பேர். 28ஆம் நாளில் அந்த வேறுபாடு உறுதியாக நிலைக்கவில்லை. கோவிட்டுக்கு முன்பே, 2019இல், தீவிர நோயுற்று வைட்டமின் டி குறைந்திருந்த 1,078 பேரிடம் 5,40,000 யூனிட்டைச் சோதித்த அமெரிக்க ஆய்வு, பலன் தெரியாததால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 90 நாளில் இறந்தோர் மருந்துப் பிரிவில் 23.5 சதவீதம், போலி மருந்துப் பிரிவில் 20.6 சதவீதம். இந்த ஆய்வில் எல்லோரும் குறைபாடு உள்ளவர்களே என்பதால், 'குறைபாடு இல்லாதவர்களுக்குக் கொடுத்ததால்தான் பலன் தெரியவில்லை' என்ற விளக்கம் இங்கே எடுபடாது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், கோவிட்டைத் தடுப்பதற்காகவோ குணப்படுத்துவதற்காகவோ மட்டும் வைட்டமின் டி கொடுக்க வேண்டாம் என்று 2020 டிசம்பரிலேயே சொன்னது. எலும்பு நலனுக்காகக் கொடுப்பதை அது நிறுத்தச் சொல்லவில்லை.

கொடுத்தால் நட்டம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சிறிய அளவில் நட்டம் ஏதுமில்லை என்பதே நேர்மையான விடை. பெரியவர்களுக்கு நாள்தோறும் 4,000 யூனிட் வரை பாதுகாப்பான மேல் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. ஆபத்து, பேரளவுக் காப்சூல்கள் வீட்டில் கைமாறும்போது வருகிறது. வாரம் ஒன்று என்று எழுதப்பட்ட 50,000 யூனிட் காப்சூலை நாளுக்கு ஒன்று என்று விழுங்கினால் ஒரு மாதத்தில் 15 லட்சம் யூனிட் உள்ளே போயிருக்கும். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. மிகுந்தது சிறுநீரில் போய்விடும் என்ற ஆறுதல் இதற்குப் பொருந்தாது. இரத்தத்தில் கால்சியம் ஏறி, தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, மனக்குழப்பம் என்று தொடங்கி, சிறுநீரகம் செயலிழப்பது வரை போகலாம். காய்ச்சலால் ஏற்கெனவே உடலில் நீர் வற்றிப்போன முதியவரிடம் இந்த அறிகுறிகளை நோயின் பகுதியாகவே எண்ணிவிடும் ஆபத்து அதிகம். தையசைடு வகை இரத்த அழுத்த மாத்திரையோ, இதயத்துக்கான டிகாக்சினோ எடுப்பவர்கள், சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் உள்ளவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆகியோருக்கு இன்னும் கவனம் வேண்டும். 2010இல் ஆஸ்திரேலியாவில் முதிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்த ஆய்வில், கீழே விழுவதும் எலும்பு முறிவதும் குறைவதற்குப் பதிலாகக் கூடின. எலும்பைக் காக்கும் பொருளே அளவு மிகுந்தால் எலும்புக்கு எதிராகத் திரும்பியது.

அப்படியானால் 14 என்ற அந்த எண்ணை என்ன செய்வது? குறைபாட்டின் எல்லை எது என்பதிலேயே மருத்துவ உலகம் ஒத்துப்போகவில்லை. 12க்குக் கீழே இருந்தால் எலும்புக்குக் கேடு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 20 போதும் என்பது ஒரு தரப்பு. 30 வேண்டும் என்று 2011இல் சொன்ன அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம், 2024இல் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் அந்த எல்லையையே கைவிட்டு, நலமாக உள்ளவர்களுக்கு வழக்கமாகப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. அதே வழிகாட்டுதல், 1 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு, ரிக்கெட்ஸைத் தடுக்கவும் சுவாசத் தொற்றைக் குறைக்க வாய்ப்பு இருப்பதாலும், பரிசோதனையே இல்லாமல் வைட்டமின் டி கொடுக்கலாம் என்கிறது. 75 வயதைக் கடந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேறு காரணங்களுக்காக அதையே பரிந்துரைக்கிறது. தடுப்புக்கான சான்று எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே மட்டும் நிற்கும் பரிந்துரை என்பதால் இதை நான் மதிக்கிறேன்.

ஆகவே படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு முதல் கவனம் ஆக்சிஜனுக்கும், இன்ஃபுளுயன்சா என்றால் அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்கு பயன்படும் ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துக்கும், தேவைப்பட்டால் ஸ்டீராய்டுக்கும் உரியது. ஏற்கெனவே வைட்டமின் டி எடுத்துக்கொண்டிருந்தவர் வழக்கமான அளவிலேயே தொடரலாம். காய்ச்சல் வந்ததற்காக அளவைக் கூட்ட வேண்டியதில்லை, நிறுத்தவும் வேண்டியதில்லை. எடுக்காதிருந்தவருக்கு, குறிப்பாக வெளியே நடமாட்டமில்லாத முதியவருக்கும், வாரக்கணக்கில் ஸ்டீராய்டு பெறப்போகிறவருக்கும், வலிப்பு நோய்க்கு ஃபெனிட்டாயின் எடுப்பவருக்கும், நாள்தோறும் 800 அல்லது 1,000 யூனிட்டில் தொடங்குவதில் தவறில்லை. ஆனால் அது எலும்புக்காகவும் தசைக்காகவும் தொடங்கப்படுகிறது என்று வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லியே தொடங்க வேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால், இந்த மாத்திரை இருக்கிறதே என்ற தெம்பில் மூச்சுத்திணறல் கூடுவதைக் கவனிக்காமல் விடும் வீடுகளும், தடுப்பூசியைத் தள்ளிப்போடும் வீடுகளும் இருக்கத்தான் செய்கின்றன.

நோயாளி தேறி வீடு திரும்பிய பிறகே அந்த எண்ணுக்கு மீண்டும் வர வேண்டும். அழற்சி அடங்கி, சுமந்து செல்லும் புரதம் பழைய அளவுக்கு வந்த பிறகு எடுக்கப்படும் பரிசோதனைதான் அவருடைய உண்மையான நிலையைச் சொல்லும். மாத்திரை தொடங்கியிருந்தால் மூன்று மாதம் கழித்து அளந்தால் போதும். அதற்கு முன் அளந்தால் ஏறிக்கொண்டிருக்கும் ஓர் எண்ணைத்தான் பார்ப்போம். அந்த மறுபரிசோதனைக்கான தேதியை, வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே, மருத்துவமனைச் சீட்டில் மாத்திரையின் அளவுக்கும் 'நாள் ஒன்றுக்கு ஒன்று' என்ற சொற்களுக்கும் கீழே எழுதிக் கொடுத்துவிடலாம்.